இறங்கித் தள்ளினால் ஆள், ஏறி உட்கார்ந்தால் வண்டி

போக்குவரத்துப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் யாரையாவது கூப்பிட்டு, "சிவப்பு விளக்கைக் கண்டால் நம் ஊர்ச் சைக்கிள்காரர் என்ன செய்வார்?" என்று கேட்டால், "நிற்க மாட்டார் ஐயா" என்று யோசிக்காமல் சொல்வீர்கள். அது அபாண்டம். நிற்பார். காலை ஊன்றி நின்று, வலப்பக்கம் பார்த்து, இடப்பக்கம் பார்த்து, நிதானமாக இறங்குவார். வேட்டியை மடித்துக் கட்டுவார். பிறகு சந்தையில் வாங்கிய ஆட்டுக்குட்டியைக் கூட்டிப்போவது போலச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அந்தச் சிவப்பு விளக்கின் எதிரிலேயே நடந்து போவார். நீங்கள் விசில் ஊதினால் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் கள்ளத்தனம் கிடையாது. அவர் கணக்கில் அவர் ஒரு சட்டத்தையும் மீறவில்லை.

இந்தப் பழக்கத்தை யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று நீங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதை நான் கேட்டிருக்கிறேன். அது பிறந்த நாற்சந்தியில் நான்தான் காவலுக்கு நின்றேன் என்பதால், சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறது. பென்ஷன் வாங்குகிறவன் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான் என்று நீங்கள் நினைப்பதும் தெரியும். பரவாயில்லை, வெயில் தாழும் வரை உட்காருங்கள்.

நான் ஆத்தூர்ப் பக்கத்துக்காரன். வெள்ளைக்காரன் ஆட்சி, யுத்தம் இன்னும் தொடங்காத வருஷங்கள். சேலத்தில் செவ்வாய்ப்பேட்டைக்குப் போகிற வழியில் ஒரு நாற்சந்தியில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். இப்போது உங்களுக்கு மின்சார விளக்கு தானாகவே நிறம் மாறுகிறது. நீங்கள் அதன் கீழே நின்று மீசையைத் தடவிக்கொண்டிருந்தால் போதும். எனக்கு இருந்தது இரண்டு கையும் ஒரு விசிலும். கட்டை வண்டி, ஜட்கா வண்டி, அபூர்வமாக ஒரு பஸ், இவற்றுக்கு நடுவே ஈசல் மாதிரி சைக்கிள்கள். இளம்பிள்ளையிலிருந்தும் மற்ற நெசவு ஊர்களிலிருந்தும் சேலை மூட்டையோடு வருகிறவர்கள்தான் அதில் பாதிக்கு மேல்.

வந்த முதல் வாரமே எனக்குப் பாடம் கிடைத்தது. பருத்தி மூட்டை ஏற்றிய ஒரு வண்டியை, "ஏய், நில்லு" என்று மறித்தேன். எங்கள் பக்கத்தில் அது சாதாரணப் பேச்சு. வண்டிக்காரர் நின்றார். நின்றவர் மாடுகளை அவிழ்த்துவிட்டார், நுகத்தடியைத் தரையில் இறக்கினார், சாலை நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஏனுங்க, நானென்ன உங்க ஊட்டுப் பண்ணையத்துல வேலைக்கு இருக்கறனுங்களா? நில்லுன்னு சொன்னீங்க. நின்னுட்டேன். இனி நவுர மாட்டேன்."

பின்னால் வந்த வண்டியெல்லாம் தேங்கிவிட்டது. என்னோடு பணியில் இருந்த ஏட்டையா, வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, அவருக்கு முன்னால் குனிந்து, "எந்திரிங்க சாமி, பையன் கெழக்கத்திக்காரன், பேசத் தெரியாது" என்று கும்பிட்ட பிறகுதான் நுகத்தடி மேலே ஏறியது. அந்த மனிதர் போகும்போது என்னைப் பார்த்து, "வாரேனுங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். அது அடி வாங்குவதை விட வலித்தது.

ஏட்டையா அன்று எனக்குச் சொன்னது இவ்வளவுதான்: "சம்பளத்தை சர்க்கார் கணக்குப் பாத்துக் குடுக்குது. இந்த 'ங்க' ஓசிதானப்பா, அதுல எதுக்குக் கஞ்சத்தனம்? நில்லுன்னா சண்டைக்கு வருவாங்க. நில்லுங்கன்னு சொல்லிப் பாரு, எதுக்க எமன் வந்தாக்கூட நின்ன எடத்துலயே நிப்பாங்க."

பெரிய பொன்மொழி என்று நானும் அதை நம்பிக்கொண்டு திரிந்தேன். ஏட்டையா நல்ல மனிதர், ஆனால் அந்த வாக்கியத்தின் பின்பாதியை அவரே யோசித்துச் சொல்லவில்லை என்பது பிற்பாடு தெரிந்தது.

இப்படி நாங்கள் கையாலும் வாயாலும் காலம் தள்ளிக்கொண்டிருந்தபோது, எங்கள் இன்ஸ்பெக்டர் மெட்ராஸுக்குப் போய்விட்டு வந்தார். மெட்ராஸுக்குப் போனவர் சும்மா வருவாரா? அங்கே எங்கேயோ ஒரு விளக்குக் கம்பத்தைப் பார்த்துவிட்டு வந்துவிட்டார். ஊர்த் தகரக்கடைக்காரரைக் கூப்பிட்டு, ஒரு பெட்டி செய்யச் சொன்னார். நான்கு பக்கமும் கண்ணாடி. எதிரெதிர்ப் பக்கம் இரண்டும் சிவப்பு, மற்ற இரண்டும் பச்சை. உள்ளே ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. பெட்டி ஒரு கம்பத்தின் உச்சியில் இருக்கும். கீழே கைப்பிடி. அதைத் திருகினால் பெட்டி கால் வட்டம் திரும்பும். ஒரு சாலைக்குச் சிவப்பு காட்டினால் குறுக்குச் சாலைக்குப் பச்சை. வேகமாகத் திருகினால் விளக்கு அணைந்துவிடும். அப்போது ஏணி போட்டு ஏறி ஏற்ற வேண்டும். அந்த ஏணியில் ஏறும் பாக்கியம் என்னுடையது.

கம்பத்தைச் சந்தியின் மூலையில், சவரியம்மாளின் இட்டிலிக்கடைக்குப் பக்கத்தில் நட்டார்கள். சவரியம்மாள் வேதக்காரப் பெண்பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்துதான் அடுப்புப் பற்றவைப்பாள். கடைவாசலில் நின்று, போகிற வருகிற எல்லாரையும், "வாங்க சாமி, வாங்க, வாங்க" என்று கூப்பிடுவாள். அந்தக் குரலில் ஒரு இழுப்பு உண்டு. இப்போதுதான் வயிறு நிறையச் சாப்பிட்டு இறங்கியவன்கூட, கூப்பிட்டுவிட்டார்களே என்று மறுபடி ஏறுவான். வீட்டு வாசலில் நின்று ஒருவர் வாங்க என்றால் காது கேளாதவன் மாதிரி போவது இந்தச் சீமையில் பெரிய அவமரியாதை.

விளக்கு வைத்த முதல் நாள் மாலையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். இன்ஸ்பெக்டர் ஒரு தேங்காய்கூட உடைத்தார். நான் கைப்பிடியைத் திருகி மேற்குச் சாலைக்குச் சிவப்புக் காட்டினேன். வந்த சைக்கிள்கள் எல்லாம் நின்றன. எனக்கு ஒரே பெருமை. ஒருவர் ஹேண்டில்பாரின் மேல் குனிந்து என்னைக் கேட்டார்:

"ஏனுங்க, ரெயிலு எந்தப் பக்கமிருந்துங்க வருது?"

"ரயிலா? இங்கே ஏதுங்க ரயில்?"

"செவப்பு எரியுதுங்களே?"

அப்போதுதான் புரிந்தது. இந்த ஜனங்கள் தங்கள் ஆயுளில் சிவப்பு விளக்கைப் பார்த்தது ஒரே இடத்தில்தான், அது ரயில்வே கேட். அங்கே பெரிய கேட்டை அடைத்துச் சிவப்பு விளக்கை மாட்டிவிட்டால் வண்டி வாகனம் போகக் கூடாது. ஆனால் ஓரத்தில் நடந்து போகிறவர்களுக்கு ஒரு சின்னக் கேட்டு இருக்கும். சைக்கிள்காரர்களும் அதில் நுழைவார்கள். கேட்காரர் சத்தம் போடுவார், "ஏறிப் போவாதீங்க, எறங்கித் தள்ளிட்டுப் போங்க!" என்று. ஆகவே சிவப்பு விளக்குக்குச் சட்டம் என்ன என்பது ஊருக்கே தெரிந்திருந்தது: ஏறிப் போனால் தப்பு, இறங்கித் தள்ளினால் சரி.

அன்று என்னிடம் ரயில் கேட்டவர், ரயில் இல்லை என்று தெரிந்ததும் இறங்கினார், தள்ளினார், போனார். அவருக்குப் பின்னால் எல்லாரும் இறங்கினார்கள், தள்ளினார்கள், போனார்கள். ஏறிப் போயிருந்தால் கண்மூடித் திறப்பதற்குள் சந்தியைத் தாண்டியிருப்பார்கள். இறங்கித் தள்ளியதால் நடுச்சந்தியில் கல்யாண ஊர்வலம் மாதிரி நகர்ந்தார்கள். பச்சையில் வந்த கட்டை வண்டிகள் இரண்டு பக்கமும் முட்டிக்கொண்டு நின்றன. விளக்கு வருவதற்கு முன்னால் அந்தச் சந்தியில் அப்படி ஒரு நெரிசலை யாரும் பார்த்ததில்லை.

இப்படித் தள்ளுகிறவர்களுக்கெல்லாம் தலைவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அது இளம்பிள்ளை நெசவாளி அர்த்தநாரிதான். ஒல்லியான ஆள், பேச்சு வெண்ணெய் மாதிரி. வாரம் தவறாமல் சேலை கொண்டுவருவார். சிவப்பைக் கண்டதும் இறங்குவார், எனக்கு ஒரு கும்பிடு போடுவார், தள்ளுவார். ஒரு நாள் வழிமறித்துவிட்டேன்.

"நில்லுங்க. சிவப்பு எரியறது தெரியலையா?"

"தெரியாம என்னுங்க? அதனாலதானுங்க எறங்குனேன்."

"இறங்கினா ஆச்சா? சைக்கிள்னா வண்டி. வண்டி சிவப்புக்கு நிக்கணும்."

"ஏறி உக்காந்தா வண்டிங்க. எறங்கித் தள்ளுனா நான் ஆளு, இது என்ற கூட வார சாமானமுங்க. கொடை பிடிச்சுட்டுப் போறவரை நிறுத்தி, உங்க கொடையை நிறுத்துங்கன்னு சொல்லுவீங்களா?"

ஏட்டையா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "பேரென்னங்க?"

"அர்த்தநாரிங்க."

"அதானே பாத்தேன். திருச்செங்கோட்டு மலைமேல இருக்கற சாமி பாதி ஆணு, பாதி பொண்ணு. நீங்க பாதி ஆளு, பாதி வண்டி. உங்க மேல எப்படிங்க நான் கேஸு எழுதறது? பாதியை விட்டுட்டுப் பாதிக்கு எழுதோணும்."

அர்த்தநாரி அதை வசவாக எடுத்துக்கொள்ளவில்லை. சாமி பெயரைச் சொன்னதற்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுத் தள்ளிக்கொண்டே போனார்.

நான் விடவில்லை. ஸ்டேஷனில் இருந்த விதிப்புத்தகத்தை எடுத்து இன்ஸ்பெக்டரிடமே கேட்டேன். சைக்கிளுக்கு மணி வேண்டும், இருட்டினால் விளக்கு வேண்டும், முனிசிபாலிட்டி வரி வில்லை வேண்டும், டபுள்ஸ் போகக் கூடாது, எல்லாம் இருந்தது. கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறவர் ஆளா வண்டியா என்பதை எழுதியவர் யோசிக்கவே இல்லை. இன்ஸ்பெக்டர் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார். பதில் கிடைக்காத மேலதிகாரிக்கு என்ன வருமோ அது வந்தது, கோபம்.

"அடுத்த சந்தை நாள் சாயங்காலம் ஜில்லா போலீஸ் துரை இந்த விளக்கைப் பார்க்க வருகிறார். பிடித்திருந்தால் ஜில்லா முழுக்க வைப்பார்கள். அன்றைக்கு ஒருத்தன் தள்ளிக்கொண்டு போனாலும் அந்தச் சைக்கிளைப் பிடுங்கி ஸ்டேஷனில் போடு. கேஸ் முடிகிறவரை அது அங்கேயே கிடக்கட்டும். விட்டாயோ, உன் தலையில் தொப்பி இருக்காது."

எனக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தொப்பி இல்லாத மாப்பிள்ளையை என் மாமனார் வாசலில்கூட நிற்கவிட மாட்டார். அதைவிட எனக்கு அர்த்தநாரியை நினைத்துத்தான் கவலை. தறி இளம்பிள்ளையில், வியாபாரி சேலத்தில். நடுவில் இருக்கிற தூரத்துக்கு அந்தச் சைக்கிள்தான் அவருக்குக் கால். அதைப் பிடுங்கி ஸ்டேஷன் சுவரில் சாய்த்து வைத்தால் அவர் பிழைப்பு போய்விடும். ஆகவே அவர் அடுத்து வந்தபோது கடைப்பக்கம் ஒதுக்கி நிறுத்தி, துரை வருகிற நாளைச் சொல்லி, அன்றைக்கு மட்டும் டவுனுக்கு வராதீர்கள் என்று கெஞ்சினேன்.

"அன்னிக்குத்தானுங்க வந்தாகோணும். மறுநா விடியக்காலம் ரயில்வே கேட்டுக்கு அக்கட்டால ஒரு ஊட்டுல முகூர்த்தம். கூறைச்சேலை நான் நெய்யறேன். பொண்ணு எந்தச் சேலையைக் கட்டுமுங்க?"

"அப்படின்னா சிவப்புக்கு நின்னுடுங்க. அன்னிக்கு ஒரு நாள்."

"எத்தன நேரமுங்க எரியும்?"

"நான் திருப்பற வரைக்கும்."

"அப்ப உங்க கையிலதானுங்களே இருக்குது? நான் வரையில பச்சைக்குத் திருப்பிப்போடுங்க, சாமி. ரெண்டு பேருக்கும் தொந்தரவு இல்ல."

சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சந்தை நாள் வந்தது. பொழுது சாய ஆரம்பித்ததும் விளக்கை ஏற்றிவிட்டேன். கண்ணாடிகளைச் சாம்பல் போட்டுத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தேன். துரை வந்தார், தொப்பியும் பிரம்புமாக. இன்ஸ்பெக்டர் அவர் பக்கத்தில், புது மாப்பிள்ளைத் தோழன் மாதிரி. ஏட்டையா பின்னால். மேற்குச் சாலைக்குச் சிவப்பு. கிழக்கிலும் மேற்கிலும் இருப்பவர்கள் நிற்க வேண்டும். வடக்கே மேட்டிலிருந்து இறங்கி வரும் சாலைக்குப் பச்சை.

ஒரு வெள்ளைத்துணி மூட்டையைத் தோளில் சாத்திக்கொண்டு அர்த்தநாரி வந்தார். முகூர்த்தச் சேலையை அவர் கேரியரில் வைக்க மாட்டார். மண்ணிலும் சாணியிலும் உருளுகிற சக்கரத்துக்கு மேலே கூறைச்சேலை போகக் கூடாது என்பது அவர் வழக்கம். அதனால் மற்ற நாளைவிட அன்று இன்னும் பொறுப்பாக, இன்னும் மெதுவாக இறங்கினார். எனக்குக் கும்பிடு போட்டார். கூடவே துரைக்கும் ஒன்று போட்டார். தள்ள ஆரம்பித்தார். தலைவர் போனால் தொண்டர்கள் நிற்பார்களா? அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர்.

இன்ஸ்பெக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் கைப்பிடியை விட்டுவிட்டு, சைக்கிளைப் பிடுங்க ஓர் அடி எடுத்து வைத்தேன். அந்த நேரத்தில்தான் வடக்கே மேட்டில் ஹாரன் கேட்டது. விட்டு விட்டு அடிக்கிற ஹாரன் அல்ல. டிரைவர் ஹாரனின் ரப்பர்ப் பந்தைப் பிழிந்தபடியே இருக்கிறான். ராசிபுரம் போகிற பஸ் மேட்டிலிருந்து இறங்குகிறது. படியில் தொங்கிக்கொண்டு கண்டக்டர் கத்துகிறான்: "பிரேக்கு இல்லீங்கோ! பிரேக்கு இல்லீங்கோ!"

பஸ்ஸுக்குப் பச்சை. சட்டப்படி வழி அதற்குத்தான். நடுச்சந்தியில் அர்த்தநாரியும் அவர் கூட்டமும்.

இதற்கு நான் என்ன செய்யப் போனேன் என்று உங்களிடம் மறைக்க மாட்டேன். வாயைத் திறந்து, "நில்லுங்க" என்று கத்தத்தான் போனேன். விளக்குக் கம்பத்தடியில் மாதக்கணக்கில் அதே வார்த்தையைச் சொல்லிச் சொல்லி நாக்கு அதற்கே பழகியிருந்தது. எனக்கு முந்திக்கொண்டு இன்ஸ்பெக்டர் கத்திவிட்டார். அவர் குரல் பெரிய குரல். வழக்கமாக அவர் பொதுஜனத்தை ஏய் என்றுதான் கூப்பிடுவார். அன்று துரை பக்கத்தில் இருக்கிறார், மரியாதை தெரிந்த போலீஸ் என்று காட்ட வேண்டும். அதனால் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக "ங்க" சேர்த்தார்:

"எல்லாரும் நில்லுங்க! அங்கேயே நில்லுங்க!"

நின்றுவிட்டார்கள்.

விளக்கு வைத்த நாளிலிருந்து ஒரு முறையாவது நிற்க மாட்டார்களா என்று நான் ஏங்கிய ஜனங்கள், அன்றைக்கு ஒரு பெரிய மனிதர் மரியாதையாகச் சொன்னார் என்பதற்காக, நடுச்சந்தியில், பஸ் வருகிற தடத்தில், நின்ற இடத்திலேயே நின்றார்கள். ஹாரன் வருகிற திக்கைக்கூடப் பார்க்கவில்லை. எல்லார் முகமும் இன்ஸ்பெக்டரை நோக்கி, என்ன சொல்லப் போகிறார் என்று. அர்த்தநாரி ஒரு படி மேலே போய், சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு, தோளில் மூட்டையோடு கைகட்டி நின்றார். எமனே வந்தாலும் நிற்பார்கள் என்று ஏட்டையா சொன்னாரே, அந்த எமன் மேட்டிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தான்.

ஓடுங்க என்று கத்தலாமா? எந்தப் பக்கம் ஓடுவார்கள்? ஆளுக்கு ஒரு பக்கம் ஓடி, சைக்கிளோடு சைக்கிள் சிக்கிக்கொள்ளும். பஸ் வருது என்றால், எங்கே என்று திரும்பிப் பார்க்க நிற்பார்கள். விசில் ஊதினால், அதற்கும் நிற்பதுதான் பழக்கம். இதையெல்லாம் அப்போது வரிசையாக யோசித்தேன் என்று சொன்னால் பொய். என் காதில் விழுந்துகொண்டிருந்த ஒரே குரல், தினமும் என் பக்கத்தில் ஒலிக்கிற சவரியம்மாளின் குரல். இரண்டு கையையும் அகல விரித்தேன். அவள் இழுப்பை அப்படியே பிடித்து, அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டேன்:

"வாங்க சாமி! வாங்க, வாங்க, வாங்க!"

என் முதுகுக்குப் பின்னாலிருந்து சவரியம்மாளும் கரண்டியோடு ஓடிவந்து, "வாங்க சாமி, சுருக்கா வாங்க!" என்று சேர்ந்துகொண்டாள். அவளும் பஸ்ஸைப் பார்த்துவிட்டாள்.

வந்தார்கள். எல்லாரும், ஒரே திக்கில், எங்களை நோக்கி, கூப்பிட்ட மரியாதைக்குக் காக்க வைக்கக் கூடாது என்று எட்டி நடை போட்டு வந்தார்கள். அர்த்தநாரிதான் முதலில் வந்து சேர்ந்தார். கூப்பிடுகிற வீட்டுக்கு வண்டியை வாசலில் விட்டுவிட்டுத்தானே போவோம்? அதனால் ஸ்டாண்டு போட்ட சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு, மூட்டையை மட்டும் தோளில் பிடித்துக்கொண்டு வந்தார்.

கடைசி ஆளின் சைக்கிள் சக்கரம் என் பூட்ஸில் மோதிய அதே நொடியில் பஸ் அவர்கள் முதுகை உரசிக்கொண்டு போனது. காற்று என் தொப்பியைத் தட்டிவிட்டது. நடுச்சந்தியில் தனியாக நின்ற அர்த்தநாரியின் சைக்கிளை பஸ் அடித்து, அப்பளம் ஆக்கிவிட்டு, சந்தை வாசலில் நின்ற வைக்கோல் வண்டிக்குள் போய்ப் புதைந்து நின்றது. பஸ்ஸில் இருந்தவர்கள் வைக்கோலை உதறிக்கொண்டு ஒவ்வொருவராக இறங்கினார்கள். யாருக்கும் பெரிய அடி இல்லை. டிரைவர் மட்டும் இறங்கி, சக்கரத்தடியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார்.

சந்தி முழுக்கச் சத்தம். அதற்கு நடுவே அர்த்தநாரி என் முகத்தைப் பார்த்துப் பணிவாகக் கேட்டார்:

"கூப்புட்டீங்களேனுங்க? என்ன விசயமுங்க?"

கையைக் காட்டினேன். அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு தோளில் இருந்த மூட்டையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே இட்டிலிக்கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். சவரியம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

துரை என் பக்கம் வந்து, நான் என்ன சொல்லிக் கத்தினேன் என்று இன்ஸ்பெக்டரிடம் இங்கிலீஷில் கேட்டார். நல்வரவு சொன்னான் என்று இன்ஸ்பெக்டர் மொழிபெயர்த்தார். துரை என்னையும், விளக்குக் கம்பத்தையும், அப்பளமான சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தார். பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். அந்த வாரமே விளக்கைப் பழுதுபார்க்க என்று கழற்றினார்கள். அப்புறம் அது திரும்பி வரவேயில்லை. சவரியம்மாள் அந்தக் கம்பத்தில் துணி காயப்போடக் கயிறு கட்டிக்கொண்டாள்.

கேஸ் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள். ஏட்டையா அன்றே அதைத் தீர்த்துவைத்தார். "ஐயா, சட்டப்படி நிறுத்துன எடத்துல கடைசி வரைக்கும் நின்னது அந்தச் சைக்கிள் ஒண்ணுதானுங்க. அதும்மேல எப்படிங்க கேஸு எழுதறது?" என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்டார். இன்ஸ்பெக்டரே குனிந்து என் தொப்பியை எடுத்து, மண்ணைத் தட்டி, என் கையில் கொடுத்தார். பஸ் முதலாளி அர்த்தநாரிக்கு வேறு சைக்கிள் வாங்கிக் கொடுத்தார் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

தம்பிகளே, விளக்கின் நிறம் மாறினாலும் சந்தி மாறுவதில்லை. கையைத் தூக்கி ஒருவரை நிற்கச் சொல்லும்முன், அவர் நிற்கப் போகிற இடம் எது என்று பாருங்கள். நாம் சொன்னால் கேட்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு சொல்லாதீர்கள். கேட்டுவிடுவார்கள். அப்புறம் அவர்கள் உயிர் நம் வாயில்.

அன்றைய கதை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அர்த்தநாரியிடம் சேலை இருந்தது, சைக்கிள் இல்லை. கல்யாண வீடு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். நடந்தால் நடுராத்திரி ஆகிவிடும். நான் ஸ்டேஷன் சைக்கிளை எடுத்து, கேரியரில் அவரை உட்காரவைத்து, புறப்பட்டேன். டபுள்ஸ். கேஸ் எழுத வேண்டியவனே ஹேண்டில்பாரைப் பிடித்திருந்ததால் யாரும் எழுதவில்லை. மூட்டையை மடியில் வைக்காமல் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார், சக்கரத்துக்கு மேலே இருக்கிறதே என்று.

ரயில்வே கேட் அடைத்திருந்தது. சிவப்பு விளக்கு. நான் பழக்கதோஷத்தில் இறங்கி, சின்னக் கேட்டுப் பக்கம் சைக்கிளைத் திருப்பினேன். ஆமாம், நானேதான். கல்யாண வீட்டில் காத்திருப்பார்கள் என்ற அவசரம்.

அர்த்தநாரி என் கையைப் பிடித்தார். "செத்த நேரம் நிக்கலாமுங்க, சாமி. ரெயிலு போவட்டும்."

நின்றோம். ரயில் தடதடவென்று போனது. அதுவரை எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்தச் சத்தத்தில் பஸ் ஞாபகம் வந்துவிட்டது. கேட்காரர் கேட்டைத் திறந்து பச்சை காட்டினார். வண்டிகள் நகர்ந்தன. என்னால் சைக்கிளைத் தள்ளக்கூட முடியவில்லை. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு மரமாக நின்றேன்.

அர்த்தநாரி மூட்டையைத் தோளில் சாத்திக்கொண்டு முன்னால் நடந்து, தண்டவாளத்தைத் தாண்டிப் போயிருந்தார். நான் வரவில்லை என்று கண்டு திரும்பினார். ஒரு கையால் சேலையைப் பிடித்தபடி, மற்றக் கையை நீட்டினார்.

"வாங்க சாமி," என்றார். "ஒண்ணும் வரலீங்க. வாங்க, வாங்க."

கூப்பிட்டுவிட்டாரே என்று போனேன்.